ஒட்டுவதா, தைப்பதா, மாற்றுவதா?

என் மகள் பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில்தான் பள்ளிக்குப் போய்வருகிறாள். தர்மபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். பள்ளிக்கூடம் 5 கிலோமீட்டர். பாதி தார்ச்சாலை, மீதி வேலியோரத்து மண்பாதை. போன ஆடி, ஆவணி இரண்டு மாதத்தில் மட்டும் பின்சக்கரம் ஆறு தடவை பஞ்சர். தடவைக்கு 40 ரூபாய் வீதம் 240 ரூபாய் ஆகியிருந்தது. புது டயர் 380 ரூபாய். ஆறாவது தடவை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தவள், "அப்பா, டயரையே மாத்திடலாம்ப்பா, இனிமே ஒட்டவேண்டாம்" என்றாள். கணக்குப் போட்டால் எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

சைக்கிள் கடை அண்ணன் நாங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார், ஆனால் புது டயரை எடுக்கவில்லை. பழைய டயரை ரிம்மிலிருந்து முழுதாகக் கழற்றினார். ஒரு கிழிந்த பனியன் துணியை எடுத்து டயரின் உள்பக்கம் நெடுகச் சுற்றித் தேய்த்தார். பாதிச் சுற்றில் துணி ஓரிடத்தில் மாட்டி நின்றது. அங்கே நான் விரல் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. அவர் டயரை அந்த இடத்தில் பின்னுக்கு வளைத்துக் குறடால் பிடித்து இழுத்தார். சீமைக்கருவேல முள்ளின் ஒடிந்த நுனி வந்தது. அரிசியில் பாதி நீளம்கூட இல்லை. டியூபை எடுத்துக் காட்டினார். ஆறு ஒட்டில் நாலு ஒட்டு ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே இருந்தன. ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் டியூப் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, முள் மட்டும் டயரிலேயே இருந்திருக்கிறது. நாலு பஞ்சருக்கும் அந்த ஒரே முள்தான் காரணம்.

"இந்த டயருக்கு இன்னும் ஒரு வருசம் ஓட்டம் இருக்கு. நீங்க மாத்தவேண்டியது அது" என்று முன்சக்கரத்தைக் காட்டினார். ஒரு தடவைகூட பஞ்சர் ஆகாத டயர். அதன் பக்கவாட்டில், ரிம்முக்குச் சற்று மேலே, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புடைப்பு. சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. நான் தினமும் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்கிற டயர்தான் அது. அமுக்கினால் கெட்டியாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நெடுநேரம் எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. பென்னாகரம் சாலையின் ஏதோ ஒரு இறக்கத்தில் அது வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்புதான். அப்புறம் எங்கள் வீட்டுக்குச் சொந்தமான, உறவான எல்லாச் சைக்கிள்களையும் இதே கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். ஒட்டுப்போடுவது, உள்ளே துண்டு வைப்பது, தைப்பது, பழைய டயர் வாங்குவது, புது டயர் போடுவது என்று நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிற வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததில் எனக்குத் தெரியவந்ததை எழுதுகிறேன்.

முதலில், டயரில் எது எந்த வேலையைச் செய்கிறது என்று தெரியவேண்டும். டியூப் காற்றைப் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். தனியாக ஒரு டியூபை அடித்துக்கொண்டே போனால் பலூன் போல வீங்கி வெடித்துவிடும். அதை வீங்கவிடாமல் அணைத்துப் பிடிப்பது டயருக்குள் இருக்கும் நூல். ரப்பருக்கு நடுவே சாய்வாக, குறுக்கும் நெடுக்குமாகப் போகும் நைலான் அல்லது பருத்தி இழைகள். 40 பி.எஸ்.ஐ. காற்று அடித்தால், ஒரு சதுர அங்குலத்தில், அதாவது ஏறக்குறைய ஒரு தபால்தலை அளவு இடத்தில், சுமார் 18 கிலோ தள்ளுகிறது என்று பொருள். அந்தத் தள்ளலைத் தாங்குவது நூல்தான். மேலே இருக்கும் பூப்போட்ட ரப்பர் தேய்மானத்துக்கும் பிடிப்புக்கும். இரண்டு ஓரத்திலும் ஓடும் எஃகுக் கம்பி, டயர் ரிம்மை விட்டு ஏறிவராமல் பிடித்துக்கொள்ளும். 1888-இல் பெல்ஃபாஸ்டில் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்ற ஜான் பாய்ட் டன்லப்பும், தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்கு ரப்பர்க் குழாயைத் துணியால் சுற்றித்தான் மாட்டினார். பாரம் தாங்குவதற்கு அன்றைக்கும் துணி, இன்றைக்கும் நூல்.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, எத்தனை தடவை பஞ்சர் ஆனது என்பது இல்லை. நூல் அறுந்திருக்கிறதா, அறுந்திருந்தால் எந்த இடத்தில் என்பதுதான்.

முள் குத்தினால் நூல் பெரும்பாலும் அறுவதில்லை, விலகிக்கொடுக்கும். முள்ளை எடுத்ததும் ரப்பர் மூடிக்கொள்ளும். எனவே முள் பஞ்சருக்கு ஒட்டுதான் சரியான வழி, அது பத்தாவது ஒட்டாக இருந்தாலும். நல்லபடியாகப் போட்ட ஒட்டு டியூபின் ஆயுள் முழுக்க நிற்கும். நல்லபடி என்பதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் அவசரத்தில் கெடுவது இங்கேதான். தண்ணீர்த் தொட்டியில் குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொண்டு, டியூபைத் துடைத்து நன்றாகக் காயவிடவேண்டும். உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்க்கவேண்டும். ஒட்டைவிடக் கொஞ்சம் அகலமாகவே சொல்யூஷன் பசை தடவி, விரலால் தொட்டால் பிசுபிசுப்பு விரலோடு வராத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம்தான் ஒட்டை வைத்து அழுத்தவேண்டும். ஈரமாக இருக்கும்போதே வைத்த ஒட்டு வெயிலில் ஓரம் தூக்கிக்கொள்ளும். கடையில் கூட்டமாக இருந்தால் நான் நின்று, "அண்ணா, நிதானமாப் போடுங்க, எனக்கு அவசரமில்லை" என்று சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, டியூபைக் கழற்றும் முன்பு வால்வு இருக்கும் இடத்துக்கு நேராக டயரில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவையுங்கள். டியூபில் ஓட்டை தெரிந்ததும், வால்விலிருந்து அந்தத் தூரத்தை டயரில் அளந்தால் முள் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்தக் கோடு இருந்திருந்தால் எங்களுக்கு 120 ரூபாய் மிச்சம், என் மகளுக்கு மூன்று நாள் நடை மிச்சம்.

ஓட்டை இருக்கும் இடமும் பேசும். டியூபின் வெளிவட்டத்தில் இருந்தால் முள், கம்பி, கண்ணாடி. உள்வட்டத்தில், ரிம்மைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் போக்ஸ் கம்பியின் நிப்பிள் முனை ரிம் நாடாவைத் தாண்டிக் குத்துகிறது. அதற்கு டயர் மாற்றினால் பணம்தான் வீண், நாடாவை மாற்றவேண்டும். பாம்புக்கடி போலப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால், காற்று குறைவாக ஓட்டி, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது. தினமும் காலையில் காற்று குறைந்து, தண்ணீரில் வைத்தால் குமிழியே வராவிட்டால், வால்வுக்குள் இருக்கும் சிறு ரப்பர்க் குழாயான வால்டியூப் வெடித்திருக்கும். வால்வின் வாயில் எச்சில் தொட்டுவைத்தாலே குமிழி காட்டிக்கொடுக்கும். சில ரூபாயில் முடிகிற வேலை.

டியூபையே மாற்றவேண்டிய சமயங்கள் சில உண்டு. வால்வு ஒட்டியிருக்கும் அடியில் கிழிந்தால் ஒட்டு நிற்காது. பழைய ஒட்டின் ஓரத்திலேயே கசிந்தால் அதன்மேல் இன்னொன்று போடுவதும் நிற்காது. நீளக் கிழிசலுக்கும் அதே கதிதான்.

இனி டயரின் சொந்தக் காயம். இங்கேதான் வழிகளுக்குள் உண்மையான போட்டி.

கண்ணாடியோ தகரமோ டயரின் நடுவில், தரையைத் தொடும் பக்கத்தில் வெட்டினால், உள்ளே ஒரு துண்டு வைத்துச் சரிசெய்யலாம். பழைய டயரின் பக்கவாட்டிலிருந்து தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, ஓரங்களைச் சீவி மெலிசாக்கி, வெட்டுக்கு உள்பக்கமாக வைத்துவிடுவார்கள். காற்றழுத்தமே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நகராமல் இருக்கக் கொஞ்சம் சொல்யூஷன் போதும். துண்டு நூலோடு கூடிய டயர்த் துண்டாக இருக்கவேண்டும். டியூப் துண்டு வைத்தால் பயனில்லை, அது இழுபடும், டியூபும் அந்த வெட்டு வழியாகப் பிதுங்கும். வெட்டு நெல்மணி அளவு என்றால் நான் ஒன்றும் செய்வதில்லை. சுண்டுவிரல் நகத்தின் அகலம்வரை என்றால் துண்டு. அதற்கு மேலே போனால் மாற்றுவதுதான். இது நானாக வைத்துக்கொண்ட அளவு, ஆனால் இதுவரை என்னைக் கைவிட்டதில்லை.

தையலைப் பற்றி நான் இப்படி முடிவாகச் சொல்லமாட்டேன். பேருந்து நிலையத்தருகே செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் சைக்கிள் டயரும் தைப்பார். மெழுகு தடவிய நைலான் நூல், கொக்கி ஊசி, கை அவ்வளவு சுத்தம். மகளின் முன்டயரை எடுத்துக்கொண்டு அவரிடம்தான் முதலில் போனேன், 50 ரூபாயில் முடியுமே என்று. அவர் புடைப்பை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்துவிட்டு, "நடுவுல கிழிஞ்சிருந்தா தைச்சுத் தருவேன் சாமி. பக்கத்துல தைச்சா நிக்காது, பாப்பா ஓட்டுற வண்டிங்கிற, வேணாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வரும் காசை வேண்டாம் என்று சொன்ன அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அவர் சொன்னதன் காரணம், டயரின் பக்கவாட்டுப் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கிறது. தையல் போட்டால் ஊசி போன ஒவ்வொரு துளையும் புதிய காயம். ஓடஓட நைலான் நூலே ரம்பம் மாதிரி ரப்பரை அறுக்கும். உள்பக்கத்து முடிச்சு டியூபைத் தேய்க்கும். நடுப்பகுதியில் மடிப்பு குறைவு, ரப்பரும் கனம், அதனால் ஓரளவு நிற்கும். அப்போதும் தையலுக்கு உள்ளே ஒரு துண்டு வைத்தே தீரவேண்டும். ஆக, தையலுக்கும் துண்டுக்கும் நடுவில் கேட்டால் என் கை துண்டின் பக்கம்தான் போகும். நீளமான வெட்டாக இருந்து, கையில் பணமும் இல்லை, அடுத்த சந்தைவரை ஓடவேண்டும் என்றால் மட்டும் தையல்.

பக்கவாட்டில் நூல் அறுந்திருந்தால், புடைப்பு இருந்தால், ஓரக் கம்பி வெளியே வந்திருந்தால், இந்த மூன்றுக்கும் வேறு வழி தேடாதீர்கள். மாற்றிவிடுங்கள். எங்கள் முன்டயரில் நூல் ஏன் அறுந்தது என்றும் அண்ணன் காட்டினார். பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்காமல் கொஞ்சம் மேலே ஏறி, ஒவ்வொரு பிடிக்கும் டயரைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டிருந்தால் அதுவும் சில மாதத்தில் அப்படியே ஆகியிருக்கும். டைனமோ உரசும் பழைய வண்டிகளிலும் அந்தப் பக்கத்துச் சுவரை மட்டும் தனியாகப் பாருங்கள், மெலிந்திருக்கும்.

பழைய டயர் 100, 150 ரூபாய்க்குக் கிடைக்கும். பூ நன்றாக இருக்கிறது என்று காட்டித்தான் கொடுப்பார்கள். நான் பூவைப் பார்ப்பதில்லை. பக்கவாட்டை இரண்டு கையாலும் மடக்கிப் பார்க்கிறேன். மயிரிழை வெடிப்புகள் பிளந்துகொண்டு உள்ளே நூல் தெரிந்தால், அது வெயிலில் கிடந்து ரப்பர் செத்துப்போன டயர். நம் பக்கத்து வெயிலுக்கு அப்படிப்பட்டவைதான் அதிகம். கோடை விடுமுறையில் காற்றிறங்கிய சக்கரத்தோடு திண்ணையோரம் இரண்டு மாதம் நிற்கும் பள்ளிச் சைக்கிள்களுக்கும் இதே கதி வரும், மடிந்து நின்ற இடத்திலேயே வெடிக்கும். காற்றடித்து நிழலில் நிறுத்துங்கள், மண்ணெண்ணெய் போட்டு டயரைத் துடைக்காதீர்கள். பழைய டயர் என்றால் பால் சைக்கிளின் பின்சக்கரத்துக்கும் வேண்டாம், பிள்ளைகளின் முன்சக்கரத்துக்கும் வேண்டாம் என்பது என் முடிவு.

பால் சைக்கிள் என்றதும் என்னுடையதைச் சொல்லவேண்டும். 28 அங்குலக் கறுப்புச் சைக்கிள். காலையில் இரண்டு கேனில் 40 லிட்டர் பால் சொசைட்டிக்குப் போகிறது. என் பாரத்திலும் பெரும்பங்கு பின்சக்கரத்தின்மேல், பால் முழுவதும் அதன்மேல். அதனால் பின்டயர் முன்டயரைவிட எவ்வளவோ சீக்கிரம் தேய்கிறது. அதில் நடுப்பூ மறைந்து தட்டையாகி, ஓரிடத்தில் காசு அகலத்துக்கு வெள்ளையாக நூல் தெரிந்தது. வெட்டு ஒன்றும் இல்லை, புடைப்பும் இல்லை. ஒரு மாதம் ஓட்டலாமே என்று மனசு சொல்லும். ஆனால் வெளியே தெரிகிற நூல் தரையில் உரசி அறுகிற நூல். 40 லிட்டர் பாரத்தோடு அதற்கு ஒரு வாரம்கூட நம்பிக்கை கொடுக்க முடியாது. உள்ளே துண்டு வைக்கலாமா என்றால், தேய்ந்த டயரில் பக்கத்து நூலும் மெலிந்துதான் இருக்கும், துண்டின் ஓரத்தில் பிய்யும்.

ஆக, புது டயர். 420 ரூபாய். அதை எங்கே போடுவது? தேய்ந்தது பின்னால், எனவே பின்னால் போடுவது என்பதுதான் வழக்கம். நான் இப்போது அப்படிச் செய்வதில்லை. முன்சக்கரத்தில் இருந்த பாதி ஆயுள் டயரைப் பின்னால் மாட்டிவிட்டுப் புதியதை முன்னால் போட்டேன். பின்டயர் வெடித்தால் வண்டி ஆடும், ஆனாலும் நிறுத்திவிடலாம். முன்டயர் வெடித்தால் ஹேண்டில் நம் கையில் நிற்காது. நல்ல டயர் எப்போதும் முன்னால் இருக்கட்டும். இதற்கு ஆகும் கூடுதல் செலவு இன்னொரு சக்கரத்தைக் கழற்றி மாட்டும் கூலி மட்டும்தான். பாதி ஆயுள் டயரும் பின்னால் தேய்ந்து முழுதாகப் பயன்பட்டுவிடும். ஒரு நிபந்தனை: பின்னால் போகிற டயரில் காயம் இருக்கக்கூடாது.

முள்ளைத் தடுக்கும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய டியூபை நீளவாக்கில் கிழித்து, டயருக்கும் டியூபுக்கும் நடுவில் நாடாவாகப் போடுவது நம் ஊரில் வெகுகாலமாக இருக்கிறது. மகளின் பின்சக்கரத்தில் இப்போது அதுதான் இருக்கிறது. நெருஞ்சிக்கு நன்றாகவே தாங்குகிறது. முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தைச் சீவி மெலிசாக்காவிட்டால் அந்த விளிம்பே டியூபைத் தேய்க்கும். வண்டி கொஞ்சம் கனமாகும், பரவாயில்லை. டியூபுக்குள் ஊற்றும் பஞ்சர் திரவம் சிறு முள் ஓட்டைகளை அடைக்கும், வெட்டுக்கு உதவாது. நாளாக ஆக உலர்ந்துவிடும், வால்டியூபிலும் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்த டியூபில் ஒட்டுப்போடச் சொன்னால் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடுவார், திரவம் பட்ட இடத்தில் சொல்யூஷன் பிடிக்காது. காற்றே இல்லாத கெட்டி டயருக்குப் பஞ்சர் பயம் இல்லை, ஆனால் குழியின் ஒவ்வொரு அடியும் போக்ஸ் கம்பிக்கும் முதுகுக்கும் நேராகப் போகும், மிதிப்பதும் கஷ்டம். 5 கிலோமீட்டர் மண்பாதையில் ஒரு பெண்பிள்ளை தினம் இரண்டு தடவை மிதிக்க அதை நான் வாங்கிக்கொடுக்கமாட்டேன்.

அக்கா மகனின் கதை வேறு. அவன் காரிமங்கலத்திலிருந்து காவேரிப்பட்டணத்துக்கு நெடுஞ்சாலையோரமாகவே வேலைக்குப் போகிறவன், கியர் சைக்கிள். அங்கே முள் குறைவு. வெடித்துச் சிதறிய லாரி டயர்களின் எஃகு இழைகள்தான் எதிரி. தலைமுடியைவிடச் சற்றுத் தடிமன், விரல்நகத்தில் பாதி நீளம். டயரில் ஏறியது வெளியே தெரியாது. காற்றும் உடனே போகாது, இரவில் நன்றாக இருந்த சக்கரம் காலையில் தொய்ந்திருக்கும். பனியன் துணியே அதற்கும் மருந்து. துணி மாட்டும் இடத்தில் நகவெட்டியால் கவ்வி இழுக்கலாம். விரலால் தடவித் தேடாதீர்கள், கிழித்துவிடும். டியூப் நாடா இந்த இழையைத் தடுப்பதில்லை, அவனுக்குப் போட்டும் பார்த்தாயிற்று. அவன் பாதைக்கு நடுரப்பர் கனமான டயர்தான் கூடுதல் விலைக்குத் தகுந்தது.

அந்த டயரை வாங்கப்போய்த்தான் ஒரு வீண்செலவு நடந்தது. "26 இஞ்ச் டயர் குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்துவிட்டான். மாட்டினால் ஏறவே மாட்டேன் என்கிறது. "மாமா, ரெண்டுமே 26தானே?" என்று போனில் கேட்டான். இரண்டும் 26தான், ஆனால் 26 × 1.95 வேறு, 26 × 1 3/8 வேறு. ரிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம் முதலாவதில் 559 மில்லிமீட்டர், இரண்டாவதில் 590. என் கறுப்புச் சைக்கிளின் 28 × 1 1/2 டயருக்கு 635. புது மாதிரிச் சைக்கிள்களில் 700சி என்று வருவதற்கு 622, அதையும் சிலர் 28 என்றே சொல்வார்கள். டயரின் பக்கவாட்டில் 40-635 என்பது போல ஒரு இணை எண் இருக்கும், முதல் எண் அகலம், இரண்டாவது இந்த விட்டம். பழைய டயரில் இருப்பதை போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அவன் வாங்கிய டயரைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை, சொல்யூஷன் பட்டுவிட்டது என்றார். அந்த டயர் அவன் வீட்டுப் பரணில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று நிமிட வேலை ஒன்று சேர்ந்திருக்கிறது. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, பிரேக் கட்டைக்கும் டயருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்ப்பது. புடைப்பு இருந்தால் அந்த இடைவெளி ஒரு கணம் குறையும். இதை என்னைவிட மகள் சரியாகப் பார்க்கிறாள். போன மாதம் பக்கத்து வீட்டுப் பையனின் பின்டயரில் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னாள். மாற்றிய அந்த முன்டயரை நான் தூக்கிப் போடவில்லை. புடைப்பு இருந்த ஒரு சாண் நீளத்தை வெட்டி எறிந்துவிட்டு, ஓரக் கம்பியை உருவிவிட்டு, நல்ல பக்கவாட்டிலிருந்து தீப்பெட்டி அளவில் எட்டுத் துண்டு வெட்டினேன். இரண்டு அவள் பையில், இரண்டு என் பால் சைக்கிளின் கேரியர் டப்பாவில், மீதி நாலு கடை அண்ணனிடம்.